பாரிஸா, ரோமா: எது மலிவு என்று நம் வீட்டுக் கணக்கில் பார்ப்பது எப்படி

ஈரோட்டில் ஒரு மஞ்சள் மண்டியில் இருபத்திரண்டு வருஷமாகக் கணக்கு எழுதுகிறேன். யாராவது குவிண்டாலுக்கு இவ்வளவு என்று விலை சொன்னால், "விரலியா, கிழங்கா? கூலி சேர்த்தா, சேர்க்காமலா?" என்று கேட்காமல் பேனாவைத் திறக்க மாட்டேன். "பாரிஸில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு இத்தனை யூரோ, ரோமில் இத்தனை" என்று இணையத்தில் படித்தபோதும் அதே கேள்விதான் வந்தது. யார் அந்த ஒருவர்? அவருக்கு என்ன வயசு? எந்தக் கிழமையில் போய் இறங்கினார்?

போன வருஷம், 2025 செப்டம்பர் கடைசியில், நாங்கள் நாலு பேர் போனோம். நான், வீட்டுக்காரர், 17 வயது மகள், 9 வயது மகன். ஆரம்பத்தில் ஒரே ஊர்தான் என்று பேச்சு. "ரோம்னா பாதிச் செலவுல முடிஞ்சிருமாம், அங்கயே போயிரலாம்" என்றார் அவர். சொன்னது அவருடைய அலுவலக நண்பர், தனியாளாகப் போய் வந்தவர். தனியாள் கணக்கு குடும்பத்துக்கு ஒத்துவருமா என்று பார்க்க ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து நடுவில் கோடு கிழித்தேன். இடது பக்கம் பாரிஸ், வலது பக்கம் ரோம்.

முதல் வேலை, இரண்டு பக்கத்துக்கும் பொதுவானதை அடித்துவிடுவது. ஷெங்கன் விசா (பிரான்ஸ், இத்தாலி உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா) எந்த ஊருக்கானாலும் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயது வரை 45 யூரோ. விசாவைப் பொறுத்தவரை என் மகள் பெரியவள். ஆக 315 யூரோ, எங்கே போனாலும் இதுதான். விசாவுக்கு வேண்டிய, 30,000 யூரோ வரை ஈடு தரும் மருத்துவக் காப்பீடும் அப்படியே. விமானமும் கிட்டத்தட்ட அப்படித்தான், வளைகுடா வழியாகப் போய்வர இரண்டு ஊருக்கும் ஆளுக்கு நாலாயிரம் ரூபாய்தான் வித்தியாசம். மொத்தச் செலவில் பெரும்பகுதி இந்தப் பொதுக் கணக்கிலேயே போய்விடுகிறது என்று தெரிந்ததும், அத்தனை கொடுத்துவிட்டு ஒரு ஊரை மட்டும் பார்த்துத் திரும்புவானேன் என்று தோன்றியது. பாரிஸில் இறங்கி ரோமிலிருந்து கிளம்புவதாக டிக்கெட் எடுத்தோம். இரண்டிலும் நாலு நாலு இரவு. இரவுக் கணக்கு சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாட்டிடம்தான் விசா கேட்க வேண்டும், அதனால் பிரான்ஸுக்கு விண்ணப்பித்தோம்.

யூரோவை 105 ரூபாய் என்று வைத்துக்கொண்டேன். அன்றைய விலை அதைவிடச் சற்றுக் குறைவு, ஆனால் வங்கிக்காரர்கள் மேலே வைக்கும் சதவீதம் இருக்கிறதே. கடையில் அட்டை தேய்க்கும்போது இயந்திரம் "ரூபாயா, யூரோவா?" என்று கேட்கும். யூரோவை அழுத்துங்கள். ரூபாயை அழுத்தினால் அவர்கள் வைத்ததுதான் மாற்று விலை. என் வீட்டுக்காரர் முதல் நாளே ஒரு தடவை ரூபாயை அழுத்திவிட்டார். அது தனி வரியாக நோட்டில் இருக்கிறது, அவருக்கும் தெரியும்.

அடுத்து, ஆளுக்கொரு கட்டம் போட்டு வயசை மேலே எழுத வேண்டும். விஷயமே இங்கேதான் இருக்கிறது. என் மகளையே பாருங்கள். 17 வயது என்பதால் பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்திலும் ரோமின் கொலோசியம் என்ற பழைய அரங்கிலும் அவள் குழந்தை, இலவசம். அதே பெண் இரண்டு ஊர் மெட்ரோவிலும் முழு டிக்கெட். ரோமின் விடுதி வரியில் பெரியவள், பாரிஸின் விடுதி வரியில் மறுபடியும் குழந்தை. மகன் 9 வயது. ரோமில் பத்து வயதுக்குக் கீழே பஸ், மெட்ரோ இலவசம், பாரிஸில் அரை டிக்கெட். இதெல்லாம் "ஒருவருக்கு இத்தனை" என்ற ஒற்றை எண்ணுக்குள் எப்படி அடங்கும்?

விடுதி வரியைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், பலரும் கோட்டை விடுவது இங்கேதான். அறை பதிவு செய்யும்போது காட்டும் தொகையில் பெரும்பாலும் இது இருக்காது, அங்கே போய்த்தான் தனியாகக் கட்ட வேண்டும். ரோமில் மூன்று நட்சத்திர விடுதிக்கு ஆளுக்கு ஒரு இரவுக்கு 6 யூரோ, நாலு நட்சத்திரத்துக்கு 7.50, பத்து வயதுக்குக் கீழே கிடையாது. எங்களில் மூன்று பேர், நாலு இரவு: 72 யூரோ. பாரிஸில் மூன்று நட்சத்திரத்துக்கு ஆளுக்கு 5 யூரோவுக்குச் சற்று மேல், 18 வயதுக்குக் கீழே கிடையாது. நாங்கள் இருவர் மட்டும்: 44 யூரோ சொச்சம். மலிவான ஊர் என்று சொன்ன ரோமில்தான் வரி அதிகம்.

அறை வாடகையில் பாரிஸ் தோற்றது, அதில் சந்தேகமே இல்லை. கார் து லெஸ்த் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் நாலு பேர் படுக்கும் அறை ஒரு இரவுக்கு 178 யூரோ. இரண்டு பெட்டியைத் திறந்து வைத்தால் ஒருவர் கட்டிலில் ஏறி நிற்க வேண்டும், அவ்வளவுதான் இடம். ரோமில் தெர்மினி நிலையத்திலிருந்து ஏழு நிமிட நடையில் 139 யூரோ, அறையும் பெரியது. நாலு இரவுக்கு 156 யூரோ வித்தியாசம். இந்த ஒரு வரியில்தான் ரோம் பெரிதாக முந்துகிறது என்று பிறகு தெரிந்தது.

விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் வருவதை விடுதி வாசல் வரை கணக்கிடுங்கள். பாரிஸில் ரயில் டிக்கெட் 13 யூரோ (2026-இல் 14 ஆகிவிட்டது). எங்களுக்கு மூன்று முழு, ஒரு அரை: 45.50. டாக்ஸிக்கு அரசு நிர்ணயித்த கட்டணம் உண்டு. ஷார்ல் து கோல் விமான நிலையத்திலிருந்து சேன் நதியின் வலது கரைக்கு 56, இடது கரைக்கு 65. பத்தரை யூரோ மிச்சம் பிடிக்க ரயிலில் வந்தோம். கார் து நோர் ரயில் நிலையத்தில் இறங்கி, பெட்டிகளோடு படியேறி, நடந்து, மகன் தூங்கி வழிய, அறைக்குப் போய்ச் சேர்ந்தபோது அந்தப் பத்தரை யூரோவுக்கு நாலு பேரும் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. நாலு பேரில் நானும் அடக்கம். ரோமில் பியுமிசினோ விமான நிலையத்திலிருந்து பழைய மதிலுக்கு உட்பட்ட பகுதிக்கு வெள்ளை டாக்ஸி 55 யூரோ, பெட்டியும் நாலு ஆளும் சேர்த்து. லியோனார்டோ எக்ஸ்பிரஸ் ரயில் ஆளுக்கு 14, நாலு பேர் சேர்ந்து எடுத்தால் 40. இரவு பதினொன்றுக்கு இறங்கியதால் டாக்ஸி, திரும்பும்போது பகலில் ரயில். தனியாளாகப் போனவருக்கு ரயில்தான் லாபம், எங்களுக்கு நேரத்தைப் பொறுத்தது.

இரண்டு ஊருக்கும் நடுவில் மலிவு விமானம் என்று ஒன்று உண்டு. டிக்கெட் விலை பார்த்தால் நம்மூர் ஆம்னி பஸ் மாதிரி இருக்கும். பெட்டிக்குத் தனிக் காசு. நாங்கள் முன்பே கட்டியிருந்தோம். ஆனால் மகளின் தோள்பை ஒரு விரல் அகலம் பெரிது என்று வாசலில் நிறுத்தி, அவளுடைய டிக்கெட்டைவிட அதிகமான தொகையை வாங்கினார்கள். எந்த நிறுவனம் என்பது வேண்டாம். அளவுச்சட்டத்தில் வைத்துக் காட்டச் சொல்கிறார்கள், அதனால் கிளம்பும் முன் பையை வீட்டிலேயே டேப் வைத்து அளந்துவிடுங்கள். பாரிஸுக்கான மலிவு விமானம் என்று போவே விமான நிலையத்தின் பெயர் வந்தால் இன்னும் கவனம். அது பாரிஸிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. பஸ் கட்டணத்தை நாலால் பெருக்கிச் சேர்த்துவிட்டு அப்புறம் மலிவா என்று பாருங்கள்.

ஊருக்குள் சுற்றுவதில் கிழமை முக்கியம். பாரிஸில் ஒரு மெட்ரோ பயணம் 2.50 (இப்போது 2.55). நவிகோ என்ற பயண அட்டையில் ஏற்றும் வாரச் சீட்டு 2025-இல் 31.60, அட்டைக்கு 5. இந்தச் சீட்டில் விமான நிலைய ரயிலும் அடக்கம். ஆனால் அது திங்கள் முதல் ஞாயிறு வரைதான் செல்லும், வாங்கிய நாளிலிருந்து ஏழு நாள் கிடையாது. வெள்ளிக்கிழமை ஆகிவிட்டால் அடுத்த வாரத்துக்குத்தான் தருவார்கள். நாங்கள் இறங்கியது வெள்ளிக்கிழமை. அன்றைக்கு விமான டிக்கெட் ஆளுக்கு 1,200 ரூபாய் குறைவு, மொத்தம் 4,800 மிச்சம் என்று சந்தோஷப்பட்டு எடுத்தேன். பிறகு கணக்குப் போட்டேன். வந்துபோக விமான நிலைய டிக்கெட் 26, நாலு நாளில் பத்து மெட்ரோ பயணம் 25, தனி டிக்கெட் ஏற்றும் சாதா நவிகோ அட்டை 2, ஆக ஒரு பெரியவருக்கு 53. திங்களில் இறங்கியிருந்தால் 36.60. மூன்று பேருக்கு 49 யூரோ. விமானத்தில் பிடித்த மிச்சம் அப்படியே மெட்ரோவுக்குப் போய்விட்டது. மகனுக்கு மட்டும் அரை டிக்கெட்தான் எப்படியும் லாபம். இன்னொன்று, ஒரே அட்டையில் நாலு பேர் போக முடியாது, ஆளுக்கொரு அட்டை வேண்டும்.

ரோமில் டிக்கெட் 1.50, நூறு நிமிஷத்துக்குச் செல்லும், அதற்குள் மெட்ரோ ஒரு தடவை மட்டும். மூன்று நாள் சீட்டு 22 யூரோ. பதினைந்து தடவை ஏறினால்தான் அதைத் தாண்டும். பழைய ரோம் நடக்கிற ஊர். ஒரு சந்தில் நுழைந்தால் பாந்தியன் என்ற பழைய கோயில், இன்னொன்றில் நவோனா சதுக்கம், பஸ் வரும்வரை நிற்பதற்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். நாலு நாளில் ஆளுக்கு எட்டு தடவைதான் ஏறினோம், மகனுக்கு இலவசம், மொத்தம் 36 யூரோ. சீட்டு வாங்காதது நல்லதாகப் போயிற்று. காகித டிக்கெட் வாங்கினால் பஸ்ஸில் ஏறியதும் இயந்திரத்தில் விட்டு முத்திரை குத்த மறக்காதீர்கள். மறந்தால் உடனே கட்டினாலும் அபராதம் 54.90.

பார்க்கும் இடங்களுக்கு வருவோம். பாரிஸில் ஐஃபெல் உச்சிக்கு லிஃப்டில் போகப் பெரியவருக்கு 36 யூரோ சொச்சம், 12 முதல் 24 வயதுக்கு ஏறத்தாழ பாதி, 4 முதல் 11 வயதுக்குக் கால்பங்கு. எங்கள் நால்வருக்கும் கிட்டத்தட்ட நூறு. படியில் இரண்டாம் தளம் வரை என்றால் நாற்பது. 674 படி. பழனி ஏறுகிற குடும்பத்துக்கு இது ஒன்றும் பெரிதில்லை என்று ஏறினோம், வீட்டுக்காரர் மட்டும் பாதியில் நின்று நகரத்தை நிதானமாக ரசித்தார். லூவ்ர் 22, ஒர்சே அருங்காட்சியகம் 16, இரண்டிலும் பிள்ளைகள் இலவசம். ஆக மூன்றுக்கும் சேர்த்து 116 யூரோ. ஆனால் 2026 ஜனவரியிலிருந்து ஐரோப்பியப் பொருளாதார வட்டாரத்துக்கு வெளியிலிருந்து வரும் நம்மைப் போன்றவர்களுக்கு லூவ்ர் 32 ஆகிவிட்டது. இப்போது போகிறவர்கள் என் கணக்கில் 20 யூரோ கூட்டிக்கொள்ளுங்கள். நோத்ர் தாம் ஆலயத்துக்குக் கட்டணம் கிடையாது. பாரிஸின் கதையைச் சொல்லும் கார்னவாலே அருங்காட்சியகத்தின் நிரந்தரக் கூடங்களும் இலவசம். என் மகளுக்கு லூவ்ரைவிட அதுதான் பிடித்தது.

ரோமில் கொலோசியம் டிக்கெட் 18 யூரோ, பக்கத்திலுள்ள ஃபோரம், பாலத்தீனோ குன்று சேர்த்து. 18 வயதுக்குக் கீழே இலவசம். இருவருக்கு 36 என்று நோட்டில் எழுதி வைத்திருந்தேன். டிக்கெட் ஒரு மாதம் முன்னால்தான் திறக்கும், திறந்ததும் தீரும். நான் மாதக் கடைசிக் கணக்கு முடிப்பில் இருந்துவிட்டு ஒரு வாரம் கழித்துப் போய்ப் பார்த்தால் ஒன்றும் இல்லை. வேறு வழியில்லாமல் ஓர் இடைத்தரகர் தளத்தில் வழிகாட்டியோடு சேர்த்து வாங்கினேன். பிள்ளைகளுக்கும் காசு, 128 யூரோ. வழிகாட்டி வந்தார், வாசலில் டிக்கெட்டைக் கொடுத்தார், பத்து நிமிஷம் பேசினார், போய்விட்டார். 92 யூரோ கூடுதல், இது என் சோம்பலுக்குக் கட்டிய வரி. பெயர் டிக்கெட்டில் இருக்கும், பாஸ்போர்ட்டோடு ஒத்துப் பார்ப்பார்கள். இலவசமாகப் போகும் பிள்ளைகளுக்கும் பதிவு செய்தாக வேண்டும்.

வத்திக்கான் அருங்காட்சியகம் 20, இணையத்தில் பதிவு செய்ய மேலே 5. இங்கே பிள்ளைகளுக்கும் குறைந்த கட்டணம் உண்டு, நால்வருக்கும் எண்பதை ஒட்டி வந்தது. பாந்தியன் பெரியவருக்கு 5. பேதுரு பேராலயம் இலவசம், வரிசையில் நிற்பதுதான் விலை. திரெவி நீரூற்றுக்கு அருகே இறங்கிப் பார்க்க 2026 பிப்ரவரியிலிருந்து 2 யூரோ வாங்குகிறார்கள், மேலே தெருவில் நின்று பார்த்தால் ஒன்றும் இல்லை.

இங்கேயும் கிழமை விளையாடியது. கொலோசியம் மாதத்தின் முதல் ஞாயிறு இலவசம், வத்திக்கான் அருங்காட்சியகம் கடைசி ஞாயிறு இலவசம். நாங்கள் கடைசி ஞாயிறன்று பாரிஸில் இருந்தோம், முதல் ஞாயிறுக்கு முந்தின நாள் ரோமிலிருந்து கிளம்பினோம். இரண்டையும் தவறவிட இதைவிடக் கச்சிதமாகத் திட்டம் போட முடியாது. ஆனால் அந்த ஞாயிறுகளில் கூட்டம் நம்மூர்த் தைப்பூசம் மாதிரி என்று விடுதிக்காரம்மா சொன்னார், பார்த்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டுக்கு வந்தால், ரோம் மலிவு என்ற பேச்சு பாதி காப்பியால் வந்தது என்று நினைக்கிறேன். நின்றபடி குடித்தால் எஸ்பிரெசோ ஒன்றேகால் யூரோ அளவில் முடியும். உட்கார்ந்தால் விலை வேறு, சுவரில் இரண்டு பட்டியல் தொங்கும். பாரிஸிலும் இப்படித்தான், ஆனால் அங்கே நின்று குடித்தாலும் கூடத்தான். காலையில் ஒரு காப்பியைக் குடித்துவிட்டு "ஊரே மலிவு" என்று சொல்லிவிடுகிறோம். தண்ணீரைப் பாருங்கள். பாரிஸ் உணவகத்தில் பிரெஞ்சில் "யூன் கராஃப் தோ" (ஒரு ஜாடி தண்ணீர்) என்றால் குழாய்த் தண்ணீரை ஜாடியில் இலவசமாக வைப்பார்கள், ரொட்டியும் தானாக வரும். ரோமில் பாட்டில் தண்ணீர்தான், எங்களுக்கு ஒரு வேளைக்கு இரண்டு பாட்டில், ஆறு யூரோ. ரொட்டிக்கு ஆளுக்கு 2 யூரோ என்று பில்லில் ஒரு வரி. கேட்காத ரொட்டி என்றால் கூடையைத் தொடாமல் அப்போதே திருப்பிக் கொடுத்துவிடலாம், இது மூன்றாம் நாள்தான் தெரிந்தது.

ஆனால் ரோம் தெருவில் தண்ணீருக்குக் காசே வேண்டாம். நசோனே என்று இரும்புத் தூண் மாதிரி ஒரு குழாய், ஊர் முழுக்கச் சுமார் 2,500 இருக்கின்றனவாம். மூக்கு மாதிரி வளைந்த முனையிலிருந்து நாள் முழுக்க ஜில்லென்று தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். நம்மூர்க்காரி எனக்கு முதலில் மூடத் திருகாணியைத்தான் தேடத் தோன்றியது. முனையை விரலால் அடைத்தால் மேலே இருக்கும் சின்ன ஓட்டை வழியாக வளைந்து பீய்ச்சும், வாய் வைத்துக் குடிக்க வசதி. இதை ஒரு கிழவர் செய்துகாட்டினார். என் மகன் உடனே அடைத்தான், அடைத்த வேகத்தில் அப்பாவின் சட்டை முழுக்க நனைந்தது. அன்றிலிருந்து நாலு பாட்டிலை நிரப்பிக்கொண்டே நடந்தோம்.

எடைக்கு விற்கும் பீட்சாவில் நானே ஏமாந்தேன், எடை பார்த்தே பிழைக்கிறவள். பெரிய தட்டில் நீள்சதுரமாக பீட்சா, மேலே 1.80 என்று அட்டை. ஒரு துண்டு 1.80 என்று நினைத்து, அந்தம்மா கத்தியை வைத்துக் காட்டியபோது தாராளமாகத் தலையாட்டினேன். கத்தரியால் வெட்டித் தராசில் வைத்தார். 410 கிராம், 7.38 யூரோ. அட்டையின் ஓரத்தில் பொடி எழுத்தில் "எத்தோ" என்று இருந்தது, அப்படியென்றால் நூறு கிராம். மறுநாள் கத்தியை வைத்ததும் கையால் "இன்னும் உள்ளே, இன்னும் உள்ளே" என்று காட்டினேன். சிரித்துக்கொண்டே வெட்டித் தந்தார். சைவக்காரர்கள் சுப்லீ என்ற பொரித்த அரிசி உருண்டையை வாங்கும் முன் உள்ளே என்ன என்று கேட்டுக்கொள்ளுங்கள், வழக்கமாக உள்ளே கறிக் குழம்பு இருக்கும்.

பாரிஸில் மதியம் ரொட்டிக் கடை, சூப்பர்மார்க்கெட் தக்காளி, சீஸ், பூங்காப் பெஞ்சு. ஒன்றேகால் யூரோவுக்கு ஒரு பாகெத் ரொட்டி இரண்டு பேருக்குப் போதும். ராத்திரி இரண்டு தடவை லா ஷப்பலுக்கு நடந்தே போனோம். கார் து நோருக்குப் பின்பக்கம், இலங்கைத் தமிழர் கடைகள் வரிசையாக இருக்கும் தெரு. தோசை, கொத்துரொட்டி, நாலு பேர் வயிறாரச் சாப்பிட்டு 42 யூரோ. கல்லாவில் இருந்த அண்ணா என் பேச்சைக் கேட்டு "கோயம்புத்தூர்ப் பக்கமோ?" என்றார். ஈரோடு என்றேன். மகனுக்கு ஒரு வடை கூட வந்தது, பில்லில் வரவில்லை. பாரிஸில் சாப்பாடு நாளுக்குச் சராசரியாக 95 யூரோ, ரோமில் 88. இந்தத் தெரு இல்லாவிட்டால் பாரிஸ் எண் நூற்றிருபதைத் தாண்டியிருக்கும்.

திரும்பி வந்து ஒரு ஞாயிறு மத்தியானம் இரண்டு பக்கத்தையும் கூட்டினேன். விசாவும் விமானமும் சேர்க்காமல், நாலு பேருக்கு நாலு நாள், பாரிஸ் 1,438 யூரோ, ரோம் 1,329. வித்தியாசம் 109 யூரோ, நம் பணத்தில் பதினோராயிரத்துச் சொச்சம். கொலோசியம் டிக்கெட்டை நேரத்தில் வாங்கியிருந்தால் வித்தியாசம் 201 ஆகியிருக்கும். திங்களில் இறங்கி வாரச் சீட்டு வாங்கியிருந்தால் மறுபடியும் ஒன்றரை நூறுக்கு வந்திருக்கும்.

வீட்டுக்காரரிடம் நோட்டைக் காட்டினேன். "பாதிச் செலவுன்னாரே?" என்றார். அவருடைய நண்பர் இரண்டு கட்டில் அடுக்கிய பொதுக்கூடத்தில் படுத்து, நின்று காப்பி குடித்து, வத்திக்கானுக்கே போகாமல் வந்திருக்கிறார் என்று அப்புறம் விசாரித்ததில் தெரிந்தது. அவர் கணக்கும் சரிதான்.